கவ்வாத்து மலையில் அள்ளாத சருகு

குப்பைக்குழிக்குள் கையை விட்டால் சுடும். கேமரன் மலையின் விடியற்காலைக் குளிரில் விரல்கள் விறைத்துப்போய், கரித்தூளை எடுத்துப் பல் துலக்கவே முடியாமல் நிற்கிற நாங்கள், வீட்டின் பின்னால் அம்மா வெட்டி வைத்திருந்த குழியின் பலகையை நகர்த்தி, மேலே கிடக்கும் சருகை விலக்கிவிட்டு, மணிக்கட்டு வரைக்கும் உள்ளே விட்டுக்கொண்டு நிற்போம். இறக்கி வைத்துக் கொஞ்ச நேரமான சோற்றுப் பானையைத் தொட்டாற்போல இதமான சூடு. வெள்ளையாக ஆவி எழும். நாற்றம் என்று ஒன்றும் இராது, ஈரத் தேயிலையும் அடுப்புச் சாம்பலும் கலந்த மணந்தான். இன்றைக்கு அடுக்குமாடியில் இருக்கிறவர்களிடம் இதைச் சொல்ல வாயெடுத்தாலே மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள்.

நான் பிறந்ததும் வளர்ந்ததும் தேயிலைத் தோட்டத்து "லைன் வீட்டில்". ஒரே தகரக் கூரையின் கீழே வரிசையாக இருபது குடும்பம். அப்பாவுக்குத் தொழிற்சாலை மாடியில் இலை வாட்டுகிற வேலை. அம்மா அங்கம்மாள் கொழுந்து பறிப்பவள். நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். ஆனாலும் இதை என் கையாலேயே எழுதுகிறேன். பேத்தி எழுதித் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இது வேறொருத்தர் கையால் எழுதக்கூடிய விஷயம் இல்லை.

வீட்டுக்கு வீடு பின்புறம் ஒரு குழியும் இரண்டு பாத்தியும் இருந்தன. அந்த மலையின் செம்மண் மழைக்கு நிற்காது, கரைந்து ஓடிவிடும். குழியில் மக்கியதை அள்ளிப் போட்டால்தான் பீன்ஸும் தக்காளியும் மிளகாயும் வரும். எங்கள் குழம்பில் பாதி அந்தப் பாத்தியிலிருந்து வந்ததுதான். கடைக்காய் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை லோரி பார்த்துப் பிரிஞ்சாங் டவுனுக்குப் போக வேண்டும், லோரி வந்தால்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு மழைக்காலத்தில் லைனில் ஈ மண்டிவிட்டது. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் ஐயா கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு ஒவ்வொரு வீட்டுப் பின்புறமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். மீன் செதிலும், புளித்த சோறும், பால் கலந்த டீச்சக்கையும் எல்லாக் குழியிலும் கலந்து கூழாகக் கிடந்தன. "ஒரு மாசம் டைம் தர்றேன். அதுக்குள்ள நாத்தம் நிக்கலேன்னா எல்லாக் குழியையும் மூடிடச் சொல்லி துரை உத்தரவு" என்றார். எங்கள் குழியை மட்டும் குனிந்து பார்த்தார், மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்தார், அடுத்த வீட்டுக்குப் போனார்.

மூடினால் எல்லாவற்றையும்தான் மூடுவார்கள், நம் குழி தப்பாது என்று அம்மாவுக்குத் தெரியும். மறுநாள் வேலை விட்டு வந்ததும் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வீடு வீடாகப் போனாள். நானும் பின்னால் போனேன். முதல் வீடு பாப்பாத்தி பெரியம்மாவுடையது. லைனில் அவளுக்கு மிஞ்சிய வாய் கிடையாது.

"என்னடி அங்கம்மா, லைன் குப்பைக்கெல்லாம் ஒன்னைக் கிராணியாப் போட்டுட்டாங்களா?" என்றாள் பெரியம்மா. கிராணி என்றால் தோட்டத்தில் கணக்கெழுதி வேலை வாங்குகிறவர்.

"போட்டுட்டாங்கக்கா. மொதல்ல ஒன் குழியத்தான் பாக்கச் சொன்னாங்க. துரை வந்து மோந்து பாத்து மயங்கி விழுந்துட்டா அப்பறம் அவரை யாரு தூக்கறது?"

"நீயே தூக்கு, ஒனக்குத்தான் பலம் இருக்கு. ஏன்டி, மீன் கழிவை நான் வேற எங்க கொட்டறது?"

"அதைத் தனியா ஆழமாப் பொதைச்சிடு. குழிக்குள்ள தோலு, தண்டு, வெறும் தேத்தூளு, அவ்வளவுதான். பால் சக்கையக் கழுவிட்டுப் போடு. ஒரு கை ஈரம் போட்டா ரெண்டு கை காஞ்ச சருகு மேல போடு, கொஞ்சம் அடுப்புச் சாம்பலும் தூவு. நாத்தமே வராது."

"காஞ்ச சருகா! இந்த மழையில நான் காஞ்சாப் போதாதா? இடுப்பு ஒடிஞ்சு வர்றவ இனி மலை ஏறிச் சருகு வேற பொறுக்கணுமா?"

மற்ற வீடுகளிலும் இதே பதில். அன்றைக்கு அடுப்பு முன்னால் உட்கார்ந்து அம்மா அப்பாவிடம் சொன்னது எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. "கை நீட்டினா எட்டணும். எட்டலேன்னா யாரும் செய்யமாட்டாங்க. அவங்க மேல தப்பில்ல."

அப்படித்தான் இருபது வீட்டுப் பின்வாசலிலும் காய்ந்த சருகு வைக்க ஒரு சாக்கு வந்தது. தொழிற்சாலையில் உடைந்துபோன தேயிலைப் பெட்டிப் பலகைகளை அப்பா கேட்டு வாங்கி வந்து குழிகளுக்கு மூடி செய்தார். அம்மா கொஞ்சம் சுண்ணாம்பு கரைத்து எல்லா மூடியையும் வெள்ளையடித்தாள். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. வெள்ளை மூடியின் மேல் அழுக்குச் சட்டியை வைக்கப் பெண்களே கூச்சப்பட்டார்கள்.

சாக்குகளை நிரப்புவது என் வேலை. பத்தொன்பது சாக்கு. எங்கள் வீட்டுச் சாக்கை மட்டும் அம்மாவே வேலை விட்டு வரும்போது தலைச்சுமையாகக் கொண்டுவந்து நிரப்பிக்கொள்வாள். "கவ்வாத்து வெட்டின மலையில கெடக்கற எலைய மட்டும் அள்ளு, வேற எங்கயும் போவாத" என்று சொல்லியிருந்தாள். கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியை முழங்கால் அளவுக்கு வெட்டி விடுவது; வெட்டிய இலை செடிகளுக்கு நடுவே குவிந்து கிடக்கும். அந்த மலை லைனிலிருந்து முக்கால் மணி நேர ஏற்றம், வழியெல்லாம் அட்டை. மேலே கிடப்பது நனைந்திருக்கும். அடியில் கையை விட்டுத் துழாவிக் காய்ந்ததை எடுக்க வேண்டும்.

இரண்டு நாள் ஏறினேன். மூன்றாம் நாள் பாதை திரும்புகிற வளைவில், கைக்கெட்டும் தூரத்தில், மேடு முழுக்கப் புல் காய்ந்து வைக்கோலாகக் கிடந்ததைப் பார்த்தேன். துணி காயவே மூன்று நாள் ஆகிற அந்த மலையில் அப்படிக் காய்ந்த புல்லை நான் பார்த்ததே இல்லை. முந்தின வாரம் களைக்கு மருந்தடிக்கும் ஆட்கள் முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு அங்கே நின்றதைப் பார்த்திருந்தேன். அதனால்தான் காய்ந்திருக்கிறது என்பதும் தெரியும். காய்ந்ததுதானே வேண்டும்? அரை நாளில் எல்லாச் சாக்கையும் நிரப்பிவிட்டு வந்து, கவ்வாத்து மலையில் அள்ளினேன் என்று சொன்னேன். அம்மா என் தலையைத் தடவி, "காலெல்லாம் வலிக்குதாடி?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எண்ணெய் தேய்த்து விட்டாள். அந்த மாதம் முழுக்க அதே வளைவில்தான் அள்ளினேன்.

மாதம் முடிந்து டிரெசர் ஐயா வந்தார். கைக்குட்டை பையிலேயே இருந்தது. ஒவ்வொரு மூடியாகத் தடியால் தள்ளிப் பார்த்துவிட்டு, "யாரு வேலை இது?" என்று கேட்டார். அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பின்னால் நின்றாள். "எங்க குப்பைக் கிராணி அங்கம்மாவோட வேலைங்க!" என்று பாப்பாத்தி பெரியம்மா கத்தினாள். லைனே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். அம்மா அப்படி வாயைப் பொத்தாமல் சிரித்து அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

நாலைந்து மாதத்தில் குழிகள் கறுத்து மக்கின. எல்லோரும் அள்ளிப் பாத்தியில் போட்டு விதை ஊன்றினார்கள். பீன்ஸ் இரண்டிலை விட்டது. மூன்றாம் இலை கரண்டிபோலக் குழிந்து சுருண்டது. தக்காளித் தண்டு கயிறுபோல முறுக்கிக்கொண்டு தரையில் சாய்ந்தது. மிளகாய் முளைத்ததும் வெளிறிப் பட்டுப்போனது. பத்தொன்பது வீட்டுப் பாத்தியும் அப்படி. எங்கள் பாத்தியில் மட்டும் பீன்ஸ் குச்சிக்கு மேலே ஏறி, பூத்துத் தொங்கியது.

 ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் பாப்பாத்தி பெரியம்மா கேட்டாள்: "எங்க மண்ணுல என்னத்தடி போடச் சொன்ன?"

"நானும் போட்டதைத்தான்க்கா சொன்னேன்."

"அப்பறம் எப்படி ஒன்னுது மட்டும் நிக்குது? எங்களுக்குப் புல்லு, ஒனக்கு எலை. நான் பாத்தேன்டி சாக்குல."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "எலையோட புல்லும் கெடக்கும்ல" என்றாள் அம்மா. என்மேல் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவேயில்லை.

அன்று சாயங்காலம் எங்கள் பாத்தியில் இருந்த பீன்ஸை எல்லாம் பறித்து, வீட்டுக்கு ஒரு கை என்று பிரித்துக் கொடுத்து வந்தாள். விடிந்து பார்த்தால் அத்தனையும் எங்கள் வாசலில் குவியலாகக் கிடந்தது. அம்மா பின்புறம் போய், பூவும் பிஞ்சுமாக நின்ற செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டாள். நான் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அடி விழும் என்கிற பயமெல்லாம் இல்லை. நான் கெட்டிக்காரி, சொன்னதைச் செய்கிற பிள்ளை என்று லைன் முழுக்கப் பேர் வாங்கியிருந்தேன். அதை விட மனசில்லை.

அந்த வருஷமே குழிகளை மண் போட்டு மூடிவிட்டார்கள். டிரெசர் ஐயா சொல்லவில்லை, அவர்களாகவே மூடினார்கள். குப்பையெல்லாம் கீழே ஓடையில் போயிற்று.

பத்தொன்பது வயதில் நானும் மருந்தடிக்கிற வேலையில் சேர்ந்தேன். முதல் நாளே கங்காணி சொன்னார்: "இந்தப் புல்ல அறுத்து மாட்டுக்குப் போடாதீங்க. பாத்திக்கும் போடாதீங்க, செடி சுருண்டுடும்." பம்பின் பாரம் முதுகில் இருந்தபடியே நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போனேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். வாயைத் திறந்தேன். "பசிக்குதும்மா" என்றேன்.

அம்மா படுத்த படுக்கையாக இருந்த கடைசி மாதத்தில், சும்மா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "சாம்பல் கூடிப்போச்சோடி?" என்று கேட்டாள். எத்தனையோ வருஷமாகியும் அந்தக் குழிகளைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று எனக்கு உடனே புரிந்தது. "இருக்கலாம்மா" என்றேன்.

இப்போது நான் இருப்பது தானா ராத்தா டவுனில், அடுக்குமாடி ஒன்றின் மூன்றாம் மாடியில். நாலு வருஷமாகப் பழைய சாய வாளி ஒன்றில், அடியிலும் பக்கத்திலும் ஆணியால் துளை போட்டு, அம்மாவின் கணக்கிலேயே மக்க வைக்கிறேன். ஒரு கை தோல், இரண்டு கை காய்ந்தது. காய்ந்ததற்கு முட்டை அட்டையைக் கிழித்துப் போட்டால் போதும். மூடி வைத்து வாரத்துக்கு ஒரு தரம் கிளறி விட்டால் வேறு பாடு இல்லை. கிழித்த அட்டையை வாளிக்குப் பக்கத்திலேயே கூடையில் வைத்துக்கொள்ளுங்கள், எழுந்து போய்த் தேடும்படி வைக்காதீர்கள். மாடியில் ஆறு வீட்டுக்குச் சொல்லிக் கொடுத்தேன். எதிர்வீட்டு ரேவதி மட்டும் வாளி வாங்கினாள். ஓட்டலில் வேலை செய்கிற பெண், இரண்டு பிள்ளைகள்.

"வாடை வராதுல்ல பாட்டி? வந்தா என் வீட்டுக்காரர் என்னையும் வாளியோட தூக்கிப் போட்டுடுவார் லா" என்றாள். வரவில்லை. பிள்ளைகள் மூடியில் பூப் படம் ஒட்டினார்கள்.

போன மாதம் ஒருநாள் பெரிய பிளாஸ்டிக் பையோடு வந்தாள். "அட்டை தீந்துடுச்சு பாட்டி. காய்கறித் தோட்டத்து ஓரத்துல எவ்வளவு காஞ்ச புல் பாருங்க, சும்மாவே கெடக்குது!" பையை அவள் கையிலிருந்து வாங்கி வாசலிலேயே வைத்தேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டாள். பிறகு எதிர்வாசலில் இருந்த தன் வாளியைப் பார்த்தாள்.

"பிள்ளைங்க சாப்புடற கீரை பாட்டி. எதுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? வேணாம் லா."

அட்டை போட்டால் ஒன்றும் ஆகாது என்று எத்தனையோ சொன்னேன். பையையும் வாளியில் இருந்ததையும் சேர்த்துக் கட்டிக் கீழே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டாள். அந்த வாளியில் இப்போது துடைப்பம் நிற்கிறது.

ஒருமுறை திறந்த வாய் மூட மறுத்தது. பாப்பாத்தி பெரியம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம். அவள் மகள் செல்வி கம்போங் ராஜாவில் மளிகைக்கடை வைத்திருக்கிறாள். அந்த லைன் ஆட்களில் எனக்குத் தெரிந்து மிச்சம் அவள் ஒருத்திதான். பஸ் ஏறிப் போனேன். வழியில் எங்கள் லைன் இருந்த சரிவு தெரிந்தது. வீடும் இல்லை, ஓடையும் இல்லை. மலை முழுக்கப் பிளாஸ்டிக் கூரை போட்ட தோட்டம்.

செல்விக்குக் குழிகள் நினைவில் இல்லை. வெள்ளை மூடியும் டிரெசர் ஐயாவும் நினைவில் இல்லை. "ஒங்கம்மா பேச்சக் கேட்டு எல்லார் வீட்டுச் செடியும் பட்டுப்போச்சே, அது மட்டும் அம்மா சொல்லிக்கிட்டே இருக்கும்க்கா" என்றாள். என் அம்மா செய்ததில்லை, நான்தான் என்று சொன்னேன். வளைவு, மருந்து, சாக்கு, எல்லாவற்றையும் சொன்னேன். தராசில் வெங்காயத்தைப் போட்டபடியே கேட்டவள், என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"செத்தப்பறமும் பெத்தவள விட்டுக்குடுக்காம பழிய ஒங்க தலையில தூக்கிப் போட்டுக்கறீங்க பாருங்க. நல்ல பொண்ணுக்கா நீங்க" என்றாள்.

இல்லை செல்வி, நிசம் என்றேன். அதற்குள் வேறு ஆள் கடைக்கு வந்துவிட்டது.