ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை

மூன்று வருடங்களுக்கு முன்பு, உயிர்த்த ஞாயிறு முடிந்து சில வாரங்களில் இது நடந்தது. நான் அப்போது கொழும்பில், கொட்டாஞ்சேனையில் இருந்தேன். எனக்கு வயது நாற்பத்தொன்பது. எங்கள் கோவிலில் எனக்குக் கலியாண ஓலை வாசிக்கப் போகிறார்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கத்தோலிக்கக் கோவில்களில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை, பெண் பெயர்களைச் சுவாமியார் வாசிப்பார். ஏதாவது தடை தெரிந்தால் வந்து சொல்லுங்கள் என்பார். அதுதான் ஓலை. இளம் பிள்ளைகளின் பெயர் வந்தால் எல்லாரும் சிரித்தபடி திரும்பிப் பார்ப்பார்கள். என் பெயரையோ ‘இன்னாரின் விதவை’ என்று சேர்த்து வாசிப்பார்கள். கடையில் யாராவது சத்தமாக என் பெயரைக் கூப்பிட்டாலே குனிந்துகொள்கிறவள் நான்.

என் கணவர் மாரடைப்பில் இறந்து பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. பிள்ளைகள் இல்லை. கணவருடைய அக்கா கலியாணம் செய்யாமல் எங்களுடனேயே இருந்தவர். பிறகு அந்த வீட்டில் நானும் மச்சாளும்தான். நான் ஒரு பாலர் பாடசாலையில் பிள்ளைகளைப் பார்க்கும் வேலைக்குப் போவேன், மச்சாள் சமைப்பார், பின்னேரம் சேர்ந்து செபமாலை சொல்லுவோம். ஆண்டவரே, இதை இப்படியே வைத்திரும் என்பதுதான் என் செபம்.

மடு மாதா திருவிழாவுக்குப் போன பஸ்ஸில் ஒருவர் பழக்கமானார். வெள்ளவத்தைக்காரர், மனைவியை இழந்தவர், ஒருகொடவத்தையில் கண்டெய்னர் யார்டில் வேலை. அதிகம் பேசமாட்டார். அதனால்தானோ என்னவோ எனக்கு அவருடன் பேச வந்தது. ஒரு வருடம் கழித்து என்னைக் கேட்டார். பல மாதங்கள் செபித்துவிட்டு ஓம் என்றேன்.

மச்சாளிடம் சொன்னபோது அவர் சண்டை பிடிக்கவில்லை. நல்லது என்றார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு வீட்டில் கதை பேச்சே இல்லை. செபமாலையைக்கூடத் தனித்தனியாகச் சொன்னோம். தம்பியின் இடத்தில் இன்னொருவரை வைக்கிறேன் என்று நினைக்கிறாரோ என்று நான் கேட்கவும் இல்லை. எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. முதலாவது ஓலைக்கு முதல் நாள் நானே முடிவெடுத்தேன். அந்தப் பூசைக்குப் போவதில்லை. திங்கட்கிழமை சுவாமியாரிடம் போய், வேண்டாம், நிறுத்துங்கள் என்று சொல்லிவிடுவது.

ஞாயிறு பூசையை விடவும் மனம் இல்லை. மச்சாள் குளிக்கப் போன நேரம் பார்த்துப் புறப்பட்டு, மட்டக்குளியிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறி வெள்ளவத்தையில் இறங்கினேன். என்னைக் கட்ட இருந்தவருக்கு ஞாயிறு காலையில் வேலை, மாலைப் பூசைக்குத்தான் போவார். அவருடைய கோவிலை ஒரு தடவை பார்த்துவிட்டு எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அங்கே என்னை ஒருவருக்கும் தெரியாது. கடைசி வாங்குக்கு முந்திய வாங்கில், சுவரோரமாக உட்கார்ந்துகொண்டேன்.

பூசை முடிகிற நேரம் அங்கேயும் ஓலை வாசித்தார்கள். வாசித்தது என் பெயர்.

என் முதல் கலியாணத்தில் இருவரும் ஒரே பங்கு, ஒரே கோவில். பங்கு வேறாக இருந்தால் இரண்டு கோவிலிலும் வாசிப்பார்கள் என்று எங்கள் சுவாமியார் சொல்லித்தான் இருப்பார், பதட்டத்தில் என் காதில் ஏறவில்லை. பக்கத்தில் இருந்த பெண், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், என் பக்கம் சாய்ந்தார்.

“கொட்டாஞ்சேனைப் பொம்பிளையாம். பாவம், தனிய இருந்து களைச்சுப் போயிருப்பா.”

யாருக்கு ஓலை வாசித்தாலும் அவர்களுக்காக ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ செபம் சொல்வது தன் வழக்கம் என்றார். நீங்களும் சொல்லுங்கோ, இரண்டு பேர் சொன்னால் நல்லதுதானே என்று சொல்லி, என் பதிலுக்குக் காத்திராமல் மெல்லத் தொடங்கிவிட்டார். மற்றப் பாதியை நான் சொல்ல வேண்டியதாயிற்று.

மற்றவர்களுக்காக வேண்டும்போது எனக்கு இரக்கம் தானாக வரும். எனக்காக வேண்டும்போது மட்டும் ஏதோ அரசாங்கக் கந்தோரில் பெரியவர் முன்னால் நிற்பது போல இருக்கும். அன்று யாரோ ஒரு கொட்டாஞ்சேனைப் பெண்ணுக்காகத்தான் வேண்டினேன். அவளுக்கு இனியாவது நல்லது நடக்கட்டும் என்று மனதாரக் கேட்டேன். அவள் நான்தானே என்று உறைத்ததும் அழுகை வந்துவிட்டது.

“என்ன, உங்கட கலியாணம் மாதிரியெல்லோ அழுறீங்க” என்றார் பகிடியாக. நான் ஓம் என்று தலையாட்டினேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு என் கையைப் பிடித்து, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தார். மச்சாளைப் பற்றிச் சொன்னேன்.

“அப்ப அவ அங்க தனியவே உங்கட ஓலையைக் கேட்டுக்கொண்டு இருக்கிறா?”

இதை நான் யோசிக்கவே இல்லை. என் வெட்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறேன். பஸ்ஸில் வீடு வந்து சேரும் வரைக்கும் அந்தக் கேள்விதான் குத்திக்கொண்டிருந்தது.

மச்சாள் கோவிலுக்குக் கட்டிய சேலையோடேயே கதிரையில் இருந்தார். எங்கே போனாய் என்று கேட்டார். சொன்னேன்.

“நல்ல ஆள் நீ. எல்லாரும் என்ர முகத்தையெல்லோ பாத்தவை.”

நான் மன்னிப்புக் கேட்டேன். நாளைக்கே நிறுத்திவிடுகிறேன் என்றேன். அவர் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. பூசை முடிந்து வாசலில் பெண்கள் சுற்றிக்கொண்டு, உங்களுக்கு இது தெரியுமா, நீங்கள் யார் பக்கம் என்றெல்லாம் கேட்டார்களாம். என்ன சொன்னீர்கள் என்று பயந்து பயந்து கேட்டேன்.

“நான்தான் பொம்பிளை வீடு எண்டு சொன்னனான். உனக்கு வேற ஆர் இருக்கினம்?”

என் முதல் கலியாணத்தில் மாப்பிள்ளை வீட்டுக்காரியாகக் கூறைச் சேலைத் தட்டைக் கொண்டு வந்தவர் இவர். அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். அவர்தான் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். தம்பியை நினைத்து அவர் மௌனமாக இருக்கவில்லையாம். இந்த வயதில் தனியாகிவிடுவேனே என்ற பயமாம். அதைச் சொன்னால் நான் கலியாணத்தை விட்டுவிடுவேன் என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தாராம். அன்று பின்னேரம் சேர்ந்து செபமாலை சொன்னோம். இரண்டாவது ஓலையன்று முன்வரிசை வாங்கில் என்னை இழுத்துப் போய் உட்கார வைத்தார். எழும்பி ஓடிவிடுவேனோ என்று என் சேலைத் தலைப்பின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

கலியாணமாகி இப்போது நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். எங்களோடு வந்திருக்கக் கேட்டோம், மச்சாள் மறுத்துவிட்டார். கிழமைக்கு இரண்டு நாள் நாங்கள் போவோம். என் கணவர் வாங்கி வரும் மீனில் அவர் பிழை பிடிக்காத நாள் இல்லை.

இனியும் மாற்றங்கள் வரும், அது தெரிகிறது. ஆனால் நான் ஓடிப்போன இடத்திலும் விட்டுவிட்டு வந்த இடத்திலும் ஒரே காலையில் எனக்காக ஆள் வைத்திருந்த ஆண்டவரை நினைத்தால், முந்திய அளவுக்குப் பயப்பட எனக்கு வெட்கமாக இருக்கிறது.