கவாத்துக்கு அழுதவர்கள்

தேயிலைச் செடியை இடுப்புக்குக் கீழே மொத்தமாக வெட்டினாலும் அது சாகாது. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை வெட்டியே ஆகவேண்டும், விட்டால் மரமாகிவிடும். அதற்குக் கவாத்து என்று பெயர். வெட்டிய அன்று தோட்டம் பார்க்கச் சகிக்காது. ஓர் இலை இருக்காது. எரிந்த ஊரில் மிஞ்சிய கம்பங்களைப் போல வெறும் குச்சிகள் நிற்கும். இரண்டு மாதம் மழை குடித்தபின் தண்டில் செம்பு நிறத்தில் கண் விடும். எங்கள் பக்கத்தில் இது தெரியாத ஆள் கிடையாது. கவாத்தைப் பார்த்து யாரும் அழுது நான் கண்டதில்லை, என் தம்பி சேனல் தொடங்கும்வரை.

தம்பிக்குத் தேவர்சோலையில் ஒன்றரை ஏக்கர் தேயிலை. அப்பா விட்டுப் போனது. வீட்டுக்கு மேலே பாதி, கீழே பாதி. மேல்காடு, கீழ்காடு என்போம். நான் இருப்பது ஊட்டியில், காந்தலில். வாரமெல்லாம் ஓர் ஆபீசில் தட்டச்சு. சனிக்கிழமை மதியம் கூடலூர் பஸ் ஏறிவிடுவேன். ஓரிடத்தில் உட்காரத் தெரியாத உடம்பு எனக்கு. பஸ் ஓட ஓடத்தான் வரி வரும். எழுதியதைச் சிறு பத்திரிகைகள் எப்போதாவது போடும், யாராவது எப்போதாவது படிப்பார்கள்.

அது தேயிலை விலை விழுந்துகிடந்த காலம். பச்சை இலைக்குக் கிடைப்பது பறிக்கிற கூலிக்கே பற்றவில்லை. சில நாள் ஃபேக்டரியில் இலையே வேண்டாம் என்பார்கள். லாரி வராது. ரோட்டோரம் இலை மூட்டைகள் கிடக்கும். சாக்குக்குள் கையை விட்டால் காய்ச்சல்காரன் வயிறு மாதிரி சுடும். அக்கம்பக்கத்தில் ஒவ்வொருவராகத் தோட்டத்தை விற்றுவிட்டு இறங்கிப் போனார்கள். தம்பி விற்க மாட்டேன் என்றான். செல்போனை மாட்ட ஒரு ஸ்டாண்ட் வாங்கி வந்தான்.

முதல் ஆறேழு மாதம் பனிமூட்டம் எடுத்தான், மூங்கில் குருத்துக் குழம்பு எடுத்தான், காட்டெருமை எடுத்தான். சொந்தக்காரர்களைத் தவிர யாரும் பார்க்கவில்லை. பிறகு பாடம் படிப்பதுபோல் படித்துக்கொண்டான். தினமும் ஒரே நேரத்துக்குப் போடவேண்டும். முதல் காட்சியில் மனித முகம் வேண்டும், அதுவும் தவிக்கிற முகமாக. கடைசியில் ஒரு கேள்வி கேட்கவேண்டும், அப்போதுதான் பதில் எழுதுவார்கள். எழுதுகிற ஒவ்வொருவருக்கும் "நன்றி உறவே" போடவேண்டும். எல்லாம் செய்தான். பார்ப்பவர் எண்ணிக்கை அசையவில்லை.

வைகாசியில், முதல் மழை விழுந்ததும், மேல்காட்டில் கவாத்து. வழக்கமாக வெட்டுகிறவர் வந்தார். சிலோனிலிருந்து திரும்பிய குடும்பம். கவ்வாத்து என்று அழுத்தித்தான் சொல்வார். தம்பி அதையும் எடுத்தான்.

"ஏக்கா, இதுக்கு ரெண்டு வரி எழுதிக் குடேன். சும்மா வெட்டறதக் காமிச்சா எவன் பாப்பான்?"

அடுப்படியில் நின்றபடியே எழுதினேன். 'இத்தனை வருடம் எங்களுக்குச் சோறு போட்ட கைகளை இன்று வெட்டுகிறோம். விலையில்லாத ஊரில் பச்சைக்கு என்ன வேலை? வெட்டிய இடத்தில் கசியும் ஈரத்துக்கு யார் கைக்குட்டை நீட்டுவது?' தம்பி மனைவிக்கு அன்றைக்குக் கடும் சளி. அவள் படித்தபோது குரல் அடைத்து அடைத்து வந்தது.

மூன்று நாளில் வீடியோ ஊர் உலகமெல்லாம் போய்விட்டது. அழுதுட்டேன் அண்ணா. எங்க தாத்தா வயலும் இப்படித்தான் போச்சு. துபாயில் உட்கார்ந்து தேம்புறேன். ஆயிரமாயிரமாக ஏறிக்கொண்டே போனது. தோட்டத்தையே அழிக்கிறோம் என்று நினைத்துவிட்டார்கள். ஏழெட்டுப் பேர் எழுதியதைப் படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. தம்பிக்கும் புரிந்தது.

"சொல்லிரலாமா?" என்றேன்.

"நாம எங்கக்கா செத்துப்போகும்னு சொன்னோம்? நீ எழுதுனதுல ஒரு பொய் இருக்குதா, காட்டு பாக்கலாம்."

இல்லைதான். ஒரு வரிகூடப் பொய் இல்லை. வெட்கத்தைவிட முதலில் வந்தது வேறொன்று. இருபது வருடமாக எழுதுகிறேன். என் வரிக்கு ஒரு ஆள் அழுததாகக் கேள்விப்பட்டதில்லை.

ஆடியில் மேல்காடு துளிர்த்தது. எந்த வருடத்தையும்விட நன்றாகத் துளிர்த்தது. தம்பி மனைவி அதை எடுத்துப் போடலாமா என்று ஆசையாகத்தான் கேட்டாள். கேட்டவளே தலையை ஆட்டிக்கொண்டாள்.

"வேண்டாமுங்க அண்ணி. இதப் பாத்தா நம்மளக் காறித் துப்பிருவாங்க."

வாசலை ஒட்டிய பத்துச் செடிகளை மட்டும் கேமராவுக்கென்று வைத்துக்கொண்டார்கள். அவற்றில் கண் விட விட அவள் கிள்ளிப் போடுவாள். கறிவேப்பிலை உருவுவதுபோல, பேசிக்கொண்டே. அந்தப் பத்து மொட்டைகளின் முன்னால் நின்று தம்பி உறவுகளிடம் பேசுவான். பின்னால் பச்சை தெரியாமலிருக்க ஸ்டாண்டைத் தாழ்த்திவைப்பான். வாரா வாரம் நான் வரி கொண்டுபோவேன். நடுவட்டம் இறக்கத்தில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, மேகம் கீழே கிடப்பதைப் பார்த்துக்கொண்டே, நலமாயிருக்கிற தோட்டத்துக்கு ஒப்பாரி எழுதினேன்.

பஜாரில் கவாத்துக்காரர் விடமாட்டார். "என்ன தம்பி, சுகமா? ஒங்க வீட்டுச் சாவு இன்னும் எடுக்கலியா? எட்டு மாசமா அழுகுறீங்களே!" டீக்கடையே சிரிக்கும். தம்பியும் சிரிப்பான். அப்போது சிரிக்க முடிந்தது.

தை பிறந்ததும் பார்ப்பவர்கள் குறையத் தொடங்கினார்கள். அதே பத்து மொட்டைகளை எத்தனை நாள் பார்ப்பார்கள்? யாரோ கொழும்பில் ஒருவன் நாய்க்குட்டிக்குப் பால் ஊட்டினான், கூட்டம் அங்கே போனது. தம்பி சோற்றில் கை வைத்துக்கொண்டே எண்ணைப் பார்ப்பான். மனைவி தட்டைப் பிடுங்கினாலும் தெரியாது. மாசி முதல் வாரம் நான் போய் இறங்கியபோது, கீழ்காட்டைக் கவாத்து வெட்டப்போவதாகச் சொன்னான்.

கீழ்காடுதான் நல்ல காடு. ஓடையோரம், எந்தக் கோடையிலும் கொழுந்து நிற்கும். சேனலில் வந்த பணமெல்லாம் வீட்டுச் செலவுக்கு. தோட்டம் தோட்டமாக நிற்பதற்கு அந்த இலைதான் ஆதாரம். அதனால்தான் அதை அடுத்த வைகாசிக்கென்று விட்டுவைத்திருந்தார்கள். மாசியில் மண் பாளமாக வெடித்துக் கிடந்தது.

கவாத்துக்காரர் வாசலோடு நின்றுவிட்டார்.

"மாசியில கவ்வாத்தா? ஒங்களுக்கு என்ன தம்பி பைத்தியமா? மழ இல்லாம வெட்டுனா வேரு தாங்காது."

"மேல்காட்டுல வெட்டுனோம், துளிர்க்கலியா?"

"அது வைகாசி. வானம் தண்ணி ஊத்துச்சு. இப்ப நீங்க ஊத்துவீங்களா, ஒங்க உறவுக வந்து ஊத்துவாங்களா?"

"நீங்க வெட்டலைன்னா போங்க. மெசின் இருக்குது."

அவர் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன்.

தம்பியே மெஷினால் வெட்டினான். இரண்டே நாளில் கீழ்காடு முடிந்தது. வெட்டிய கிளைகளை, மிலாறு என்போம், மொட்டைத் தண்டுகளின் மேலேயே பரப்பி மூடவேண்டும். வெயில் நேரே பட்டால் பட்டை வெந்துவிடும். அது வழக்கம். தம்பியும் மூடத்தான் செய்தான். மூடியபின் கேமரா வழியாகப் பார்த்தான். ஒன்றுமே தெரியவில்லை. குப்பைக் குவியல் மாதிரி இருந்தது. மிலாறையெல்லாம் வாரி ஓடைப்பக்கம் தள்ளினார்கள். மொட்டைகள் வெயிலில் வெள்ளையாக மின்னின. என்ன அழகு அது. நானும் வாரினேன். வாரிவிட்டு சில்வர் ஓக் மர நிழலில் உட்கார்ந்து எழுதினேன். தடுத்திருக்கவேண்டும். நல்ல வரி வந்துகொண்டிருந்தது, தடுக்கவில்லை.

வீடியோ ஓடியது, முதல் கவாத்தின் பாதிக்குக்கூட வரவில்லை. சித்திரையில் மழை இல்லை. வைகாசி பாதியில்தான் இறங்கியது. மேல்காடு கொழுந்து விட்டது. கீழ்காடு அப்படியே நின்றது. தண்டின் நுனி பிளந்து, பட்டை நாராய்க் கழன்று வந்தது. உயிர் இருக்கிறதா என்று பார்க்கத் தண்டை நகத்தால் கீறுவார்கள்; பச்சை தெரிந்தால் பிழைக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வரிசை வரிசையாகக் கீறிக்கொண்டு போனான். நான் பின்னால் போனேன். பழுப்பு. அடுத்தது பழுப்பு. ஓடையோரம் ஏழெட்டுச் செடியில் மட்டும் ஒரு நூல் பச்சை. வரிசை முடிந்த இடத்தில் அவன் குந்தி உட்கார்ந்துகொண்டான். நகக்கண்ணில் ரத்தம்.

அன்றைக்கு அவன் என்னிடம் வரி கேட்கவில்லை. ஸ்டாண்டை நட்டு, நின்று, தானே பேசினான்.

"உறவுகளே, இது நெசமாலுமே செத்துப்போச்சுங்க. போன வருசம் காமிச்சது கவாத்து. அது சாகாதுங்க. நாங்க சொல்லாம உட்டுட்டோம். இது எங்க தப்பு. எங்க அப்பா வெச்ச காடுங்க இது." அதற்குமேல் வரவில்லை. கையால் கேமராவை மூடிவிட்டான்.

கொஞ்சம் பேர் பார்த்தார்கள். இதத்தான் போன வருசமே பாத்தோமே என்று ஒருவர். வழக்கமா படிக்கிற அக்கா குரல் இல்லையா என்று ஒருவர். நடிப்பு நல்லாயிருக்கு, அழுகை இன்னும் கொஞ்சம் வேணும் என்று ஒருவர். வால்பாறைப் பக்கத்து ஆள் ஒருவர் நீளமாக எழுதியிருந்தார்: நான் எஸ்டேட்டில் பிறந்தவன், இது வெறும் கவாத்து, ரெண்டு மாசத்தில் துளிர்க்கும், ஜனங்களை ஏமாற்றாதே. அதற்குத்தான் நிறையப் பேர் கைதட்டியிருந்தார்கள். தம்பி மனைவி அவருக்கு, "இல்லீங்க அண்ணா, வந்து பாருங்க" என்று எழுதினாள். எழுதிவிட்டு ராத்திரி முழுக்கப் பதில் பார்த்திருந்தாளாம்.

இப்போது அவள் தேவாலாப் பக்கம் ஓர் எஸ்டேட்டுக்கு நாள்கூலிக்குப் போகிறாள். ஐப்பசியில் கீழ்காடு கைமாறியது. வாங்கியவர் காட்டேஜ் கட்டப்போகிறார். மேல்காட்டையும் சேர்த்துக் கேட்கிறார். தம்பி முதலில் சொன்ன மாதிரி மாட்டேன் என்று சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.

பொக்லைன் வருவதற்கு முந்தைய நாள் கவாத்துக்காரர் விறகுக்கு வேர் கேட்டு வந்தார். கிண்டல் எதுவும் இல்லை. கடப்பாரையால் நெம்பி நெம்பி மத்தியானம்வரை இருபது செடி எடுத்தார். தம்பி வெளியே வரவில்லை. நான்தான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பித் தரும்போது கேட்டார்: "அவன விடுங்க, கண்ணு மறஞ்சு கெடந்தான். நீங்க படிச்சவங்க, அன்னிக்குப் பக்கத்துலதான இருந்தீங்க அக்கா. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருக்கலாம்," என்றேன்.

அவர் குனிந்து வேர்க்கட்டைத் தூக்கப் பார்த்தார். ஒற்றை ஆளால் முடியவில்லை. மறுமுனையை நான் பிடித்தேன். வேர்மண் என் சேலையெல்லாம் கொட்டியது.