சர்க்கரை இல்லை

சலவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே அவள் ஒரு வெள்ளைச் சட்டையைக் கருக்கிவிட்டாள். பாக்கெட்டின் மேல் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு பதிந்து, இளம்பழுப்பில் ஓர் இலையைப் போலக் கறை நின்றது. வேலை போயிற்று என்றே நினைத்து, சட்டையை அடுக்கின் அடியில் செருகிவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் சட்டை கம்பியில் தொங்குகிறது, கறையைக் காணோம். கிட்டப் போய்த் தடவிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. யாரோ பாக்கெட்டைப் பிரித்து, உள்பக்கத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி, பழைய ஊசித் துளைகளிலேயே தையலை ஓட்டியிருக்கிறார்கள். சட்டைக்காரர் வந்ததும், மூலையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அக்கா எழுந்து முன்னால் போனாள். "ஐயா, கொஞ்சம் சூடு பட்டுப் போச்சு. பாக்கெட்டைத் திருப்பி வச்சிருக்கோம், பாத்துக்குங்க" என்று உள்ளதைச் சொன்னாள். யார் கையால் சூடு பட்டது என்பதை மட்டும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

அந்தக் கடையில் பாக்கெட்டைத் திருப்பித் தைத்தவளைப் பொத்தான் அக்கா என்றுதான் எல்லாரும் அழைப்பார்கள். சட்டை கருக்கியவளுக்கு ஆவி என்று பெயர் விழுந்தது. அதற்குப் பிறகு பத்து வருடமாக, நாள் முழுக்க நீராவி இஸ்திரிக்குப் பின்னால் நிற்பவள் அவள். வெள்ளைப் புகைக்குள் முகம் மட்டும் மிதந்து தெரியும். "ஆவி வந்துடுச்சு, பயந்தவங்க எல்லாம் தள்ளிக்குங்க" என்பார், முன்மேசையில் துணி வாங்கி டோக்கன் கொடுக்கிறவர். அவருக்குப் பெயரே டோக்கன்தான்.

ஜன்னலோரத் தையல் மெஷினில் அக்காவின் கூடப்பிறந்த அண்ணன் உட்கார்ந்திருப்பார். கால்சட்டைக்கு நீளம் குறைப்பார், இடுப்பைப் பிடிப்பார். அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அவர் மனைவி போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. அக்கா கல்யாணமே வேண்டாம் என்றிருந்துவிட்டாள். அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி. அது போதாதென்று இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. "கண்ணுக்குள்ளயும் ஒரு ஆவி உக்காந்து இஸ்திரி போடுது, ஒரே புகை" என்று சிரிப்பார். சிரிப்பாரே தவிர, வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் ஓடுவது அவருக்குத் தெரியாது. விரலால் தடவியே தைத்துக்கொண்டிருந்தார்.

கண் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: சர்க்கரை இறங்கட்டும், அப்புறம்தான் கத்தி. இரண்டு முறை தேதி கொடுத்து, ரத்தம் பார்த்து, இரண்டு முறையும் திருப்பி அனுப்பிவிட்டார். அண்ணனுக்கு இனிப்பை விட முடியவில்லை. அதிலும் டீ. "மூணு ஸ்பூன் போடாத டீ ஒரு டீயா? வெந்நீர்ல குளிச்ச இலை அது" என்பார். மூன்றாவது தேதிக்கு மூன்று வாரம் இருந்தது. இதுவும் தவறினால் தையலை விட வேண்டியதுதான் என்று அவரே ஒருநாள் சொன்னார். அக்கா கையிலிருந்த பொத்தானை இறுக்கித் தைத்தாள்.

அப்போதுதான் அவள் பழத் தேநீரில் இறங்கினாள். ஆஸ்பத்திரி நர்ஸ், "சாறு பிழிஞ்சு குடுக்காதீங்க. மணத்துக்கு டீயில நாலு துண்டு பழம் போட்டு ஊற விடுங்க, அது போதும்" என்று சொல்லியிருந்தார். முதல்நாள் வழக்கம்போலக் கொதிக்கவைத்து, சூட்டோடு ஃப்ரிட்ஜில் வைத்தாள். அது கலங்கி, மேகம் கட்டி, வாயில் வைக்கமுடியாமல் கசந்தது. "அண்ணன் கண்ணு மாதிரியே ஆயிடுச்சுடி" என்று ஆவியிடம் சொன்னாள். ஐந்தாம் நாள் காலையில் அடுப்பு பற்றவில்லை, கேஸ் தீர்ந்துபோயிற்று. போகிற அவசரத்தில் தேயிலையைப் பச்சைத் தண்ணீரிலேயே போட்டு ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிவிட்டு வந்துவிட்டாள். சாயந்திரம் போய்த் திறந்து பார்த்தால் கண்ணாடிபோலத் தெளிந்து, தேன் நிறத்தில் நிற்கிறதாம். குளிர் விட்டதும் குடித்துப் பார்த்தாளாம், பேருக்குக்கூடக் கசப்பு இல்லையாம்.

"கசப்பே இல்லாத இடத்துல இனிப்புக்கு என்ன வேலை?" என்று மறுநாள் தனக்குள் சொல்லிக்கொண்டபோது அவள் முகம் பார்க்க வேண்டும். கடவுள் சிலருக்குக் கேஸ் தீர்ந்துபோகிற நாளைப் பார்த்துத்தான் வழி காட்டுகிறார்.

அன்று முதல் தினமும் ஒரு புட்டி கடைக்கு வந்தது. பின்கட்டு ஃப்ரிட்ஜில் மதியம்வரை இருக்கும். ஆரஞ்சுத் தோலும் ஆப்பிள் சீவலும் அதற்குள் தூங்குவதுபோலக் கிடக்கும். முதல்நாளே, ஆவி கடையில் இல்லாத நேரத்தில், டோக்கன் தெரியாமல் ஒரு மடக்கு குடித்துவிட்டு, "ஐயோ, சர்க்கரையே இல்ல!" என்று கத்தினார். இன்னொருவர் ஏமாறக் கூடாதே என்று, துணிக்குக் கட்டுகிற சீட்டு ஒன்றை எடுத்து, 'சர்க்கரை இல்லை' என்று எழுதிப் புட்டியின் கழுத்தில் கட்டினாள் அக்கா.

இங்கே அந்தக் கடையின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வருகிற துணியில் ஏதாவது குறை இருந்தால் டோக்கன் அதை ஒரு சீட்டில் எழுதிக் கட்டிவிடுவார். பொத்தான் இல்லை. கொக்கி இல்லை. நாடா இல்லை. அதைப் பார்க்கிறவர் யாரையும் கேட்காமல், யாரிடமும் சொல்லாமல், இல்லாததை வைத்துவிட்டு அடுத்த துணிக்குப் போக வேண்டும். 'இல்லை' என்ற சொல்லுக்கு அந்தக் கடையில் ஒரே பொருள்தான்: வை.

மறுநாள் காலையில் தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தாள் ஆவி. புட்டி இருந்தது, சீட்டு இருந்தது. பாவம் அக்கா, வீட்டில் சர்க்கரை தீர்ந்துபோயிருக்கும், கேட்க வெட்கப்பட்டு எழுதிவைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். அண்ணனின் வியாதி அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் பத்து வருடமாகச் சீட்டைப் பார்த்த உடனே நகர்ந்த கை அது, யோசனைக்குக் காத்திருக்கவில்லை. தனக்குச் செய்த நல்லதை ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லாத அக்காவுக்குத் தானும் சொல்லாமல் ஒன்று செய்ய இடம் கிடைத்ததே என்ற சந்தோஷம் வேறு. அலமாரியில் இருந்த சர்க்கரையை மூன்று ஸ்பூன் எடுத்து, கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, புட்டியில் ஊற்றிக் குலுக்கி வைத்தாள். அன்று முழுக்கத் துணிகள் அவள் கைக்கடியில் மேகம்போல வழுக்கிக்கொண்டு போயின.

மதியம் அண்ணன் ஒரு டம்ளர் குடித்தார். நிறுத்தினார். ஜன்னலைப் பார்த்தார். இன்னொரு டம்ளர் கேட்டார்.

"எப்படி இருக்கு?" என்றாள் அக்கா.

"தங்கச்சி கையில என்னமோ இருக்கு" என்றார் அவர்.

அக்காவுக்குப் பல் கூச்சம், குளிர்ந்ததை வாயில் வைக்க மாட்டாள். அண்ணன் குடிக்கிற அழகைப் பார்த்தே வயிறு நிறைந்துவிடும் அவளுக்கு. பழத்தின் மணமே நாக்கை நம்பவைத்துவிட்டது என்று பூரித்துப்போனாள். அந்த நாட்களில் கடையே ஒரு கனவுக்குள் இருந்ததுபோல இருக்கும். நீராவி மெல்ல மேலே போகும், ஜன்னல் வெயில் அதில் பட்டுத் தங்கப்பொடி பறக்கும், ஐஸ் துண்டுகள் டம்ளரில் கிணுகிணுக்கும், மெஷின் ஓடும். மூன்று பேரும் ஆளுக்கொரு ரகசியத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது தேதியன்று ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மதியம் திரும்பி வந்தபோது அண்ணன் நேராகப் போய் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்தார். அக்கா கைப்பையைக்கூட இறக்கவில்லை.

"என்னாச்சுக்கா?" என்றார் டோக்கன்.

"ஏறியிருக்கு. இறங்காட்டியும் போகுது, ஏறியிருக்கு. இன்னும் ஒரு மாசம் கழிச்சு வரச் சொல்லிட்டாங்க. அதான் கடைசியாம்."

பின்கட்டுக்குப் போனாள். புட்டியை எடுத்து வந்து தொட்டியில் கவிழ்த்தாள். "எல்லாம் இந்தப் பாழாப்போன பழத்தால வந்த வினை. நானே என் கையால விஷத்தைக் குடுத்திருக்கேன்" என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. ஆரஞ்சுத் தோல் சாக்கடை வாயில் ஒட்டிக்கொண்டு நின்றது.

ஆவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். கடவுளே, இப்போது சொல்ல வாயைக் கொடு என்று வேண்டிக்கொண்டாள்.

"அக்கா, பழத்தைத் திட்டாதீங்க."

"பின்ன யாரைத் திட்டச் சொல்ற?"

"என்னை."

"என்னடி உளர்ற?"

"சீட்டுல சர்க்கரை இல்லைன்னு எழுதியிருந்துதுக்கா. நான் வச்சேன்."

டோக்கன் வாயைத் திறந்தார், மூட மறந்துவிட்டார். இஸ்திரிப் பெட்டி மட்டும் 'உஸ்' என்றது.

"எத்தனை நாளா?"

"தினமும்."

"எவ்வளவு?"

"மூணு ஸ்பூன்."

அக்கா காலிப் புட்டியைக் கீழே வைத்தாள். "தலை தட்டியா, குவிச்சா?"

"குவிச்சுதான்… அண்ணனுக்குத்தானேன்னு."

"அதானே பாத்தேன்!" என்றது ஜன்னல் பக்கம். அடுத்த நொடியே அவருக்குத் தான் சொன்னது உறைத்துவிட்டது, நாக்கைக் கடித்துக்கொண்டார். அக்கா மெல்லத் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"கண்ணுதாம்மா மங்கல். நாக்குக்கு என்ன புரையா விழுந்திருக்கு?" என்றார் அவர், தலை நிமிராமல். "நீதான் மனசு இரங்கிப் போடுறேன்னு நினைச்சேன். கேட்டா நிறுத்திடுவியேன்னு பேசாம இருந்துட்டேன்."

அன்று மாலைவரை அக்கா பொத்தான் தைத்தாள், நூலைப் பல்லால் கடித்தாள், அடுத்ததை எடுத்தாள். ஆவி வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், நாளைக்கு எந்த முகத்தோடு வருவது என்று யோசித்துக்கொண்டே போனாள். ஆனாலும் மறுநாள் வந்தாள். வந்த கொஞ்சநேரத்தில், மேசைமேல் ஒரு சின்ன மெல்லிய துணிப்பை வந்து விழுந்தது. தேயிலை போடுகிற பை. வாயில் ஒரு குட்டிப் பொத்தான், அது நுழையக் காஜாவும் எடுத்திருந்தது.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா" என்றாள் அக்கா. "கெடுத்தவளே போடக் கத்துக்க. இந்த ஒரு மாசம் எனக்கும் ஒரு துணை வேணும்."

இரண்டு அறை வீடு. சமையலறை ஜன்னலில் முற்பகல் வெயில் சாய்ந்திருந்தது. பலகைமேல் ஆரஞ்சு, ஆப்பிள், ஒரு கைப்பிடி கறுப்புத் திராட்சை. கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு ஜாடியில் நின்றது.

"தோலை மட்டும் சீவு. வெள்ளை வந்தா கசக்கும். கசந்தா அவரு சர்க்கரை தேடுவாரு."

"திராட்சை எத்தனைக்கா?"

"ஆறு போதும். அரிஞ்சு போடு. அது மணத்துக்கு. குடிக்கறதுக்கு அவரு, தின்னறதுக்கு நான்."

பொத்தான் பூட்டிய பையை ஜாடிக்குள் இறக்கினார்கள். ஒரு துண்டு லவங்கப்பட்டை போட்டார்கள். அக்கா கண்ணை மூடி உதட்டுக்குள் ஏதோ சொன்னாள். ஆவியும் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது பையின் நூலிழைகளிலிருந்து செம்மை ஒன்று புகைபோல இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் கலக்கவில்லை. அது தானாகச் சுருண்டு, தானாக விரிந்து, ஆப்பிள் சீவலைத் தொட்டு, கீழே போய்ப் படுத்தது. இருவரும் முழங்கையை ஊன்றி அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று ஆவியால் பின்னாளில் சொல்ல முடியவில்லை. கூடத்தில் அண்ணன் ரேடியோ கேட்டுக்கொண்டே தூங்கிப்போயிருந்தார்.

சாயந்திரம் ஒரு டம்ளர் கொடுத்தார்கள். அவர் முகத்தைச் சுளித்தார்.

"இது சரியில்ல."

"கண்ணு வேணுமா, சர்க்கரை வேணுமா?" என்றாள் அக்கா.

"ரெண்டும்னு சொன்னா அடிப்பியா?"

"ஆவியை விட்டு அடிக்கச் சொல்லுவேன்."

குடித்தார். மறுநாளும் குடித்தார். பத்தாம் நாள் திராட்சை குறைவாக இருக்கிறதே என்று அவரே கேட்டார், நாக்கு வழிக்கு வந்துவிட்டது என்று அக்கா புரிந்துகொண்டாள். கடைப் புட்டியில் இப்போது புதுச் சீட்டு தொங்கியது. அதில் அக்கா எழுதியிருந்தது: 'எல்லாம் இருக்கு.' அந்தச் சீட்டை யார் பார்த்தும் ஒன்றும் வைக்கவில்லை.

மாதம் முடிந்து ரத்தம் பார்த்தார்கள், இறங்கியிருந்தது. ஒரு கண்ணுக்குக் கத்தி வைத்தார்கள், சில வாரம் கழித்து இன்னொன்றுக்கும் வைத்தார்கள். இரண்டு நாளும் ஆவி வேலை செய்துகொண்டே வேண்டிக்கொண்டிருந்தாள். எந்தத் துணியும் கருகவில்லை.

இரண்டாவது கண்ணின் கட்டு அவிழ்த்த வாரத்தில் ஆவியின் கணவருக்கு வேறு ஊரில் வேலை அமைந்தது. வீட்டைக் காலி செய்து சாமான்களை வண்டியில் ஏற்றியாகிவிட்டது. விடைபெற அவள் கடைக்கு வந்தாள். அக்கா வாசல்வரை கூட வந்தாள். வெயில் நல்ல பிரகாசமாக அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே அண்ணன் மெஷின் விடாமல் ஓடுகிற சத்தம் கேட்டது. அழக்கூடாது என்று இருவருமே முடிவு செய்திருந்தார்கள். அதனால் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த நாளுக்குப் பிறகு அவர்கள் சந்திக்க வாய்க்கவில்லை.

"அண்ணன் எப்படிக்கா இருக்காரு? எல்லாம் தெளிவாத் தெரியுதா?" என்று ஆவிதான் கேட்டாள்.

அக்கா காதோரத்து முடியைப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள்.

"நேத்து என்னையே ரொம்ப நேரம் பாத்தாருடி. என்னண்ணேன்னு கேட்டா, 'உனக்கு எப்பம்மா இவ்வளவு நரைச்சுது?'ங்கறாரு. ஆண்டவன் அவருக்குக் கண்ணைக் குடுத்தாச்சு. இனிமே பாக்கற மாதிரி நான்தான் இருக்கணும்."