ஸ்டெல்லா ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்கிய ஊர்கள்

போன வருஷம் ஜூன், ஜூலையில் நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் ஆல்ப்ஸ் மலை ஊர்களைச் சுற்றினோம். அந்தப் போட்டோக்களைப் பார்த்துவிட்டு, டிக்கெட் எப்படிப் போட்டீர்கள், எவ்வளவு ஆச்சு, எந்த ஊர் நல்லா இருக்கும் என்று கேட்காத ஆள் இல்லை. போட்டோ போட்டதும் நான்தான், பதில் சொல்லாமல் இருந்ததும் நான்தான். இப்போது எழுதுகிறேன். விவரமெல்லாம் எனக்குத் தெரிந்தவரை சரியாக இருக்கும். சந்தோஷமான கட்டுரை வேண்டும் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எனக்குத் துறைமுகத்தில் வேலை. கண்டெய்னர் தூக்கும் கிரேன்களுக்கு எலெக்ட்ரீஷியன். வீடு எண்ணூர், கத்திவாக்கம். புது கிரேன்கள் வரப்போகின்றன என்று கம்பெனி என்னை மூன்று மாதப் பயிற்சிக்கு ஜெர்மனியில் மியூனிக் நகரத்துக்கு அனுப்பியது. தங்க ஓர் அறை தருவார்கள், மனைவியையும் வைத்துக்கொள்ளலாம், அவள் டிக்கெட் மட்டும் நம் செலவு. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் ஸ்டெல்லாவை நான் அழைத்துப்போன ஒரே வெளியூர் வேளாங்கண்ணி. அதுவும் சொந்தக்காரர்கள் இருபது பேரோடு ஒரே ரூமில். இந்த வாய்ப்பையும் விட்டால் நான் மனுஷனே இல்லை என்று சீட்டுப் பணத்தை எடுத்து அவளுக்கும் டிக்கெட் போட்டேன். மகள் ஷைனிக்கு எட்டு வயது, பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. அவளை மாடியில் குடியிருக்கும் என் அக்கா லில்லியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஸ்டெல்லாவுக்கு வீசிங், மூச்சிழுப்பு. ஷைனிக்கும் வீசிங். இரண்டு பேரும் வாயில் அடித்துக்கொள்ளும் மருந்துப் பம்ப் ஒரே டப்பாவில் இருக்கும். "அம்மாக்காரி உடம்பு அப்டியே புள்ளைக்கி வந்துகீது" என்று எங்கள் வீட்டில் சொல்லாதவர்கள் கிடையாது. திருவொற்றியூர் டோல்கேட் பக்கம் நாங்கள் காட்டும் டாக்டரும் பரம்பரையாக இருக்கலாம் என்றார். ஸ்டெல்லாவும் அதை ஒப்புக்கொண்டுவிட்டாள். ஷைனிக்கு இழுக்கும்போதெல்லாம் தப்பு செய்தவள் மாதிரி கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பாள். எனக்கும் அது பழகிப்போயிருந்தது.

வீட்டிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையம் முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் டிரெய்லர் வரிசையில் மாட்டி, போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆனது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மியூனிக்கிலிருந்து ஆஸ்திரியாவில் இருக்கும் சால்ஸ்பர்க் நூற்று நாற்பது கிலோமீட்டருக்கு மேல். சாதாரணப் பயணிகள் ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதுவும் வேறு நாட்டுக்கு.

முதல் வார இறுதி சால்ஸ்பர்க்தான். பவேரியா மாநில நாள் டிக்கெட் என்று ஒன்று இருக்கிறது. இரண்டு பேருக்கும் சேர்த்து நாற்பது யூரோவை ஒட்டி ஆனது. உள்ளூர் ரயில் எதில் வேண்டுமானாலும் ஏறலாம், வேக ரயிலில் ஏறக் கூடாது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் சால்ஸ்பர்க்குக்கு அது செல்லும். அங்கே குன்றின்மேல் ஒரு கோட்டை. நடந்தால் கால் மணி நேர ஏற்றம். ஸ்டெல்லா கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "நான் இங்கியே குந்திகினு கீறேன், நீ போய்ட்டு வா" என்றாள். கயிறு இழுக்கும் குட்டி ரயிலில் ஏற்றிக்கொண்டு போனேன். மேலே போயும் இரண்டு தடவை பம்ப் அடித்தாள். படிக்கட்டில் உட்கார்ந்து லெமன் சாதம் சாப்பிட்டோம், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது வாரம் மழை, எங்கேயும் போகவில்லை. மூன்றாவது வாரம் மிட்டன்வால்ட். மியூனிக்கிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, அதே நாள் டிக்கெட். வயலின் செய்பவர்கள் ஊர். வீட்டுச் சுவரெல்லாம் மாதா படம், சிறகு வைத்த சம்மனசு படம் என்று வரைந்து வைத்திருக்கிறார்கள். காசிமேட்டில் மாதா கோயில் பக்கத்தில் வளர்ந்த ஸ்டெல்லாவுக்கு அதைப் பார்த்ததும் ஊர் பிடித்துவிட்டது. தெருவுக்கு நேர் எதிரே மலை, ஜூனிலும் உச்சியில் பனி. ஒரு வயதான அம்மா நடத்தும் வீட்டில் அறை எடுத்தோம். இரவுக்குத் தொண்ணூற்றைந்து யூரோ, காலைச் சாப்பாடு சேர்த்து.

சாயந்தரம் ஆனதும் ஸ்டெல்லா அறையின் ஜன்னல் எல்லாவற்றையும் இழுத்துச் சாத்தினாள். வாசல் கதவுக்கு அடியில் துண்டை நனைத்துச் செருகினாள். எங்கள் வீட்டில் இது விளக்கு போடுவது போல, யோசித்துச் செய்வதில்லை. காற்று திரும்பி, எண்ணூரைச் சுற்றி இருக்கும் எந்தத் தொழிற்சாலைப் புகை வருகிறது என்று மூக்குக்குத் தெரிவதற்கு முன்னால் சாத்திவிட வேண்டும். தண்ணீர் கொடுக்க வந்த அந்த அம்மா துண்டைப் பார்த்து அறைக்குள் ஏதோ ஒழுகுகிறது என்று பயந்துவிட்டார். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அவருக்கு என் ஆங்கிலம் புரிந்தது, விஷயம் புரியவில்லை. "வெளியில் காற்று மட்டும்தானே இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே ஜன்னல்களை விரியத் திறந்துவிட்டுப் போனார்.

விருந்தாளியாக வந்த இடத்தில் எதிர்த்துப் பேசக் கூடாது என்று ஸ்டெல்லா அப்படியே விட்டுவிட்டாள். மாட்டுச் சாண வாசனை வந்தது, கலீஜ் ஊர் என்று சிரித்தாள். வழக்கமாக மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்துகொண்டுதான் படுப்பாள். அன்று இருந்தது ஒன்றுதான்.

விடிந்ததும் திடுக்கிட்டு விழித்தேன். ஏதோ சரியில்லை என்று தோன்றியது. அப்புறம்தான் புரிந்தது, அவள் மூச்சு கேட்கவில்லை. பத்து வருஷமாக அந்த விசில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கியவன் நான். பயத்தில் அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். சூடாகக் காற்று வந்தது. மல்லாந்து படுத்து, வாயை மூடிக்கொண்டு, குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். விரல் பட்டு முழித்தவளிடம் சொன்னேன்.

"மூச்சு வுட்டா சத்தமே வராதா?" என்று கேட்டாள். கிண்டலுக்குக் கேட்கவில்லை.

நான்காவது வார இறுதிக்கு இன்ஸ்ப்ரூக். அதே ரயில் பாதை, மிட்டன்வால்டைத் தாண்டி இன்னும் ஒரு மணி நேரம். மாநில டிக்கெட் எல்லையோடு முடிந்துவிடும், மீதிக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும், மறந்தால் அபராதம். ஊர் நடுவிலிருந்தே ரோப் கார் ஏறி இரண்டாயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல் போய்விடலாம். போய் வர ஆளுக்கு ஐம்பது யூரோவை ஒட்டி ஆகும், யோசிக்காதீர்கள், கொடுத்துவிடுங்கள். மேல் நிலையத்திலிருந்து உச்சிக்குக் கால் மணி நேரம் நடக்க வேண்டும், பாதை முழுக்கச் சரளைக்கல். எனக்கு நெஞ்சு அடைத்தது, நின்று நின்று ஏறினேன். ஸ்டெல்லா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். "இன்னாபா, கெயவனாட்டம் வர்ற?" என்று மேலே நின்று கத்தினாள். நாலு வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

அந்தச் சந்தோஷம் ஒரு பத்து நிமிஷம் இருந்திருக்கும். உச்சியில் ஒரு சிலுவை நட்டிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பக்கம் அடுக்கடுக்காகப் போகும் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஸ்டெல்லா பையைத் துழாவி பம்பை எடுத்தாள், அடிக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இதை நான் எப்போ கடசியா அடிச்சேன்?"

யோசித்துப் பார்த்தேன். இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"என் உடம்பு அதே உடம்பு தானேபா?" என்றாள். "ரத்தம் மாறலியே. அப்போ ஷைனிக்கி என்கிட்டேருந்து வர்ல."

எனக்கு அது நல்ல சேதி மாதிரிதான் பட்டது. எட்டு வருஷத்துப் பழி விலகிவிட்டதே என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் மீதி உறைத்தது. நாங்கள் இரண்டு பேரும் இங்கே மலையுச்சியில் உட்கார்ந்திருக்கிறோம், பிள்ளை அங்கே அந்தப் புகைக்குள் இருக்கிறது. உடனே லில்லி அக்காவுக்கு வீடியோ போட்டாள். நம் ஊரில் அப்போது மாலை நான்கு மணி. ஷைனி மூக்கில் நெபுலைசர் முகமூடியோடு கையை ஆட்டினாள். "ஒண்ணுமில்லடி, காலையிலேருந்து புகை ஜாஸ்தி, லேசா இழுக்குது, பேஜாரு ஆகாத" என்றாள் அக்கா. ஷைனி முகமூடியைக் கொஞ்சம் தூக்கி, "அம்மா, பனி காட்டு" என்றாள். ஸ்டெல்லா காட்டவில்லை, போனை என்னிடம் கொடுத்துவிட்டு இறங்க ஆரம்பித்துவிட்டாள்.

ஐந்தாவது வாரம் ஃப்யூசன். மியூனிக்கிலிருந்து இரண்டு மணி நேரம். பக்கத்தில் காட்டுக்கு நடுவே ராஜா கட்டிய அரண்மனை இருக்கிறது, உள்ளே போக முன்கூட்டியே பதிவு செய்துவிட வேண்டும். நாங்கள் பதிவு செய்திருந்தும் போகவில்லை. ஸ்டெல்லா ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. ஏரிக்கரையில் பெஞ்சில் உட்கார வைத்து ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். கையில் உருகி வழிந்தது.

"எனக்கு இங்க மூச்சு வுடவே கூச்சமா கீதுபா," என்றாள். "ஒவ்வொரு வாட்டியும் அவ மூச்ச புடுங்கி நான் வுடற மாதிரி கீது. என்னை அனுப்பி வுட்டுடு."

விசா இன்னும் ஐம்பது நாளுக்கு மேல் இருந்தது. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நீ உடம்பைத் தேற்றிக்கொண்டு போனால்தானே பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியும் என்றேன். நான் சொன்னது எனக்கே அசட்டுத்தனமாகக் கேட்டது. மியூனிக் அலுவலகத்தில் எனக்கு நிரந்தர வேலை ஏதாவது கிடைக்குமா என்று பயிற்சியாளரிடம் கேட்டேன். நல்ல மனிதர், காபி வாங்கிக் கொடுத்து இல்லை என்றார். ஆறாவது சனிக்கிழமை மலைக்குப் பதிலாக விமான நிலையத்துக்கு ரயில் ஏறினோம். சோதனை வாசலில் அவள் ஒரு தடவை மூச்சை நன்றாக இழுத்து அடக்கிக்கொண்டதைப் பார்த்தேன். அப்புறம் திரும்பாமல் உள்ளே போய்விட்டாள்.

பயிற்சி முடிந்து செப்டம்பரில் நான் திரும்பினேன். விமான நிலையத்தில் ஏறிய டாக்சியின் டிரைவர் திருவொற்றியூர்க்காரர். டோல்கேட் தாண்டியதும், "சார், கண்ணாடிய ஏத்திக்கவா?" என்றார்.

"இன்னிக்கி இன்னா வாசனை?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும் நைனா. மூக்குல ஏறுது, அவ்ளோதான்."

வீட்டுக்குள் நுழையும்போதே விசில் சத்தம் கேட்டது. ஸ்டெல்லாவுக்கு வந்த நாலாம் நாளே பழையபடி ஆரம்பித்துவிட்டதாக அக்கா சொன்னாள். புகை இல்லாத இடமாக, ஊரின் மறுகோடியில் தாம்பரம் பக்கம் வீடு பார்த்தோம். வாடகை என் சம்பளத்தில் பாதிக்கு மேல், துறைமுகத்து ஷிப்டுக்குப் போய்வர தினம் நாலு மணி நேரம். கத்திவாக்கம் வீட்டை விற்கலாம் என்றால் வாங்க ஆள் வரவில்லை. வந்த ஒருவரும் மொட்டைமாடியில் படிந்திருந்த அனல்மின் நிலையச் சாம்பலை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். இதற்குமேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், உண்மையாகவே கேட்கிறேன்.

போக இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மாநில நாள் டிக்கெட் வார நாளில் காலை ஒன்பதுக்குமேல்தான் செல்லும், சனி ஞாயிறில் விடியற்காலையிலேயே ஏறலாம். ஞாயிற்றுக்கிழமை கடை எதுவும் திறக்காது, சனிக்கிழமையே அரிசி, பால் வாங்கிவிடுங்கள். ஜூனிலும் மலைமேல் ஸ்வெட்டர் வேண்டும். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம், பாட்டிலுக்குக் காசு கொடுக்காதீர்கள். ஒரே ஓர் ஊருக்குத்தான் நேரம் என்றால் மிட்டன்வால்டுக்குப் போங்கள். வீட்டில் யாருக்காவது மூச்சுத் தொந்தரவு இருந்து, நீங்களும் எங்களைப் போன்ற இடத்தில் குடியிருந்தால், போவதற்கு முன் ஒரு தடவை யோசியுங்கள்.

இந்த வருஷம் இரண்டாம் கட்டப் பயிற்சி இருக்கிறது. போன மாதம் மேனேஜர் கூப்பிட்டு, ஏப்ரல், மே விடுமுறையில் குடும்பத்தோடு போகலாம், இரண்டு அறை வீடு தருகிறார்கள், பிள்ளைக்கும் டிக்கெட் கம்பெனியே போடும் என்றார். பைக்கை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது, வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் சொன்னேன். ஸ்டெல்லா சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"வேணாம்பா."

"பைத்தியமா ஒனக்கு? புள்ள ரெண்டு மாசம் நல்லா தூங்குவாடி."

"அதான் வேணாங்கறேன்," என்றாள். "எல்லா புள்ளையும் இப்டித்தான் இழுத்துகினு தூங்குதுன்னு நெனச்சுகினு கீறா அவ. அங்க போய் நல்லா தூங்கிட்டான்னா, அப்பால இங்க இட்டாந்து எப்டி படுக்க வெப்பேன்? இன்னா சொல்லிப் படுக்க வெப்பேன், நீ சொல்லு."

மறுநாள் அலுவலகத்தில், நான் மட்டும் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.