மூச்சை இழுத்துப் பிடித்த நாளின் அளவு

தெலுங்கு பேசும் திருமுல்கேரியில் இருக்கும் ஓர் இருதய மருத்துவமனையில் ஆக்னஸ் இருபத்திரண்டு வருடமாக எக்கோ எடுக்கிறார். பக்கத்துப் போலாரத்துத் தமிழ்க் குடும்பம். ஈசிஜி எடுக்கச் சேர்ந்தவர், எக்கோவைப் பக்கத்தில் நின்று பார்த்தே பழகினார். ஸ்ட்ரெய்ன் என்ற அளவை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இயந்திரத்தோடு வந்த புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஒரே ஆளை மூன்று முறை அளந்து, மூன்றும் ஒத்துவரும்வரை விடாமல் கற்றுக்கொண்டார்.

ஒவ்வொரு துடிப்பிலும் இதயத் தசை நீளவாக்கில் எவ்வளவு சுருங்குகிறது என்பதுதான் ஸ்ட்ரெய்ன். பெருந்தமனி வால்வு குறுகியவர்களுக்கு, இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் அளவு நெடுநாள் சரியாகவே தெரியும். ஆனால் இடுக்கு வழியே தள்ளித் தள்ளி உள்ளே தசை களைத்திருக்கும். அதை ஸ்ட்ரெய்ன் முன்னதாகக் காட்டிவிடும். இருபது சதவீதத்தை ஒட்டி இருந்தால் பொறுக்கலாம். பதினைந்துக்குக் கீழே போனால் வால்வை மாற்றுவது பற்றிப் பேச வேண்டும்.

செவ்வாய்க்கிழமை, அப்படி வால்வு குறுகிய தண்டபாணி வந்தார். கோயம்புத்தூர்க்காரர், மல்லாபூர் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகர். ஆறு மாதத்துக்கு முன் ஆக்னஸ் எடுத்த அளவு பதினெட்டரை. அதை நம்பித்தான் டாக்டர் அச்யுத் அவரைப் பொறுத்திருக்கச் சொல்லியிருந்தார்.

"மூச்சு வாங்குதா சார்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க அம்மிணி."

"மாடி ஏறினாத்தானுங்களே வாங்கும்?" என்றார் கூட வந்த மனைவி சுமதி. "துணி காயப்போட இப்ப நான்தானுங்க ஏறறேன். இவரு கீழ நின்னு கிளிப்பு எடுத்துக் குடுப்பாரு."

தண்டபாணி இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்தார். "மூச்சைப் பிடிக்கட்டுங்களா? போன தடவை நல்லாப் பிடிச்சேன்னு சொன்னீங்க. தினமும் பிராணாயாமம் பண்றவனுங்க."

"நக்கோ சார், இழுக்க வேணாம். முழுசா விட்டுட்டு நிறுத்துங்க. மூணு துடிப்பு போதும்."

அளவு பதின்மூன்று. மறுபடி எடுத்தார், பதின்மூன்றரை. மூன்றாவது முறையும் பதின்மூன்று. ரத்த அழுத்தம் ஏறினாலும் அளவு இறங்கும்; ஆனால் அது போன தடவை இருந்ததேதான்.

ஆக்னஸ் பழைய படத்தைத் திறந்தார். துளி ஆட்டம் இல்லாத படம். அந்த அசைவின்மையில்தான் அன்று அவர் ஏமாந்திருந்தார். நெஞ்சு நிறைய இழுத்துப் பிடித்த மூச்சில் நுரையீரல் இதயத்தை மறைத்திருக்கிறது. தெளிவுக்காக அவர் கருவியை ஒரு விலா எலும்பு மேலே நகர்த்தியிருக்கிறார். படம் இதயத்தைச் சாய்வாக வெட்டியதில் நுனி மழுங்கி, குட்டையாகி, நன்றாகச் சுருங்குவதுபோலத் தெரிந்திருக்கிறது.

ஆனாலும் ஆறு மாதத்தில் தசை உண்மையிலேயே தளர்ந்திருக்கலாம் அல்லவா?

"சார், இப்ப போன தடவை மாதிரியே இழுத்துப் பிடிங்க."

கருவியை அதே மேல் இடத்தில் வைத்தார். அதே இதயத்துக்குப் பதினெட்டு வந்தது.

இரண்டு படத்தையும் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டுத் தெலுங்கில் சொன்னார்: "இன்றைய அளவை எழுதினால் போதும். வால்வை மாற்றிவிடலாம்."

"பழைய அளவு ஃபைலிலேயே இருக்கும், சார். அடுத்துப் பார்க்கிறவர் ஆறு மாதத்தில் இவ்வளவு இறங்கிவிட்டதே என்று நினைப்பார். அது தப்பு என்று நான் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்."

"தண்டபாணியிடம் யார் சொல்வது?"

"நானே சொல்கிறேன்."

ஆக்னஸ் சொல்லி முடித்ததும் தண்டபாணி சட்டைப் பொத்தானைப் போட்டபடியே கேட்டார்: "அப்ப இது அன்னிக்கே தெரிஞ்சிருக்கணும்?"

"ஆமா சார். தப்பு என்னோடது."

"எங்க ஃபேக்டரியில இப்படி ஒண்ணு தப்பிப்போச்சுன்னா, அந்த லாட்டு மொத்தத்தையும் திருப்பி எடுத்துப் பார்ப்போமுங்க."

சுமதி ஆபரேஷன் தேதி கேட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை என்றார் பின்னாலேயே வந்த டாக்டர்.

அன்று பிற்பகல், பொறுத்திருக்கச் சொல்லி அனுப்பப்பட்ட வால்வு நோயாளிகளின் படங்களை ஆக்னஸ் தேடி எடுத்தார். பதினாறு பேர். ஒன்பதாவது படம் கொஞ்சமும் ஆடவில்லை, நுனி மழுங்கியிருந்தது. அதற்குரிய பெயரைப் பார்த்து, எண்ணைக் கண்டுபிடித்து, போன் செய்தார்.