பங்கு வக்கீலின் அண்ணன்

எங்கள் தாலுகா கோர்ட்டில் கறுப்புக் கோட்டுப் போட்டு நின்ற முதல் பெண் என் மனைவி. நான் சோமனூரில் விசைத்தறி ஓட்டுகிறவன். தறிச் சத்தத்துக்கு நடுவிலேயே வளர்ந்ததால் எனக்கு மெல்லப் பேச வராது, கோபமும் மூக்கு நுனியில் இருக்கும். இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தறிக் குடோனை ஒட்டித்தான் வீடு. முன் அறையில் அவள் மேசை, எதிரே கட்சிக்காரர்களுக்கு ஒரு பெஞ்சு. ஆரம்ப காலத்தில் வருகிறவர்கள் அவளைப் பார்ப்பார்கள், பிறகு தலையெல்லாம் பஞ்சோடு நிற்கும் என்னைப் பார்ப்பார்கள். "வக்கீலய்யா, நம்ம தோட்டத்து வரப்புத் தகராறுங்க" என்று என்னிடம் ஆரம்பிப்பார்கள். "ஏனுங்க, எங்கிட்டச் சொன்னா நான் துணிதான் நெய்யோணும். வக்கீலு அங்க உக்காந்திருக்காங்க பாருங்க" என்பேன். தலையாட்டிவிட்டு மறுபடி என் முகத்தைப் பார்த்தே கதை முழுவதையும் சொல்லி முடிப்பார்கள். அவள் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருப்பாள். அவர்கள் போனதும் நான் கத்துவேன். "யாரைப் பார்த்துச் சொன்னா என்னங்க, கேஸு எனக்குப் புரிஞ்சுபோச்சில்ல" என்று அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் எனக்கு இன்னும் கோபம் வரும்.

கோர்ட்டு வக்கீல்கள் அறையில் அவளுக்கு நாற்காலி இல்லை. போடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, மரியாதைக்குக் குறைச்சலே கிடையாது. "வாங்க அம்மணி, சாப்பிட்டீங்களா அம்மணி" என்று விசாரிப்பார்கள். ஆனால் ஒருவரும் எழுந்து இடம் கொடுக்கமாட்டார்கள். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, நம் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போடச் சொன்னாள். நான் அதை வண்டியில் கவிழ்த்துக் கட்டிக்கொண்டு கோர்ட்டு வாசலுக்குள் போனேன். போலீஸ்காரர் என்னைப் பந்தல்காரன் என்று நினைத்துக்கொண்டு, "விசேஷம் ஏதாச்சுங்களா?" என்று கேட்டார். "இருக்குதுங்க" என்றேன்.

உலகத்தில் எந்த நாட்டில் எந்தப் பெண் முதலில் வக்கீலானாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. காலையில் நான் இட்லியைப் பிட்டு வாயில் வைக்கிற நேரமாகப் பார்த்துத்தான் சொல்வாள். பரீட்சையில் தேறியும் கோர்ட்டுக்குள் விடமாட்டேன் என்று சொல்லப்பட்டவர்கள் எத்தனையோ பேராம். சட்டத்தில் 'ஆள்' என்று எழுதியிருந்தால் அது ஆணைத்தான் குறிக்கும், பெண் அதில் சேரமாட்டாள் என்று நீதிபதிகள் தீர்ப்பே எழுதினார்களாம். நம் நாட்டிலும் நூறு வருடம் முன்பு வரை அந்தக் கதைதானாம். "அவங்களுக்கு ஆளுன்னே ஒத்துக்கலைங்க. எனக்கு நாற்காலிதானே இல்ல, நான் கொடுத்து வெச்சவ" என்பாள். அந்தப் பெண்களைப் பற்றிச் சொல்லும்போது சொந்த அக்கா தங்கையைப் பற்றிச் சொல்வது போலத்தான் இருக்கும். கூடப் பிறந்த அக்கா தங்கை அவளுக்குக் கிடையாது. இருந்தது ஒரே ஓர் அண்ணன்.

என் மச்சானுக்குப் பவானிப் பக்கம் விவசாயம். பெண்ணைச் சட்டம் படிக்க வைக்கமாட்டேன் என்று என் மாமனார் ஒற்றைக் காலில் நின்றபோது, அப்பாவோடு மல்லுக்கு நின்று கோயமுத்தூருக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்தவர் அவர்தான். நான் பெண் பார்க்கப் போன அன்று காப்பித் தட்டு வருவதற்கு முன்பே சொல்லிவிட்டார்: "மாப்ள, பொண்ணு கோர்ட்டுக்குப் போகும். அது செரின்னா மேக்கொண்டு பேசலாமுங்க." அவள் எங்கள் கோர்ட்டில் முதன்முதலாக ஆஜரான அன்று பவானியிலிருந்து வந்து, வெளியே புங்கமரத்தடியில் பொழுதுக்கும் உட்கார்ந்திருந்தார். எதற்கு என்று கேட்டேன். "யாராச்சும் ஒரு வார்த்தை தப்பாச் சொன்னா அடிச்சுப்போடலாம்னு வந்தேன் மாப்ள. ஒருத்தனும் ஒண்ணும் சொல்லல. வந்ததே வேஸ்ட்டாப் போச்சு" என்றார். அப்படிப்பட்ட அண்ணன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அப்பா காலமானதும் அண்ணன் தம்பிகள் கூடப் பிறந்தவளை விருந்துக்கு அழைப்பார்கள். நல்ல சேலை எடுத்து, பழம் தேங்காயோடு தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். சாப்பாடு முடிந்ததும் ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் காரில் கூட்டிப் போவார்கள். அப்பா சொத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று அவள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவாள். அந்தப் பத்திரத்தை யாரும் அவளுக்குப் படித்துக் காட்டுவதில்லை. படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டால் அவள் பாசமில்லாதவள்.

என் மனைவி கை வைத்தது இதில்தான். கையெழுத்துக்காகப் பெண்ணை யார் கூட்டி வந்தாலும் ஆண்களை வெளியே அனுப்பிவிடுவாள். பத்திரத்தை வரிவரியாகப் படித்துக் காட்டி, "அண்ணன் என்ன நெனைப்பாரு, ஊட்டுக்காரரு என்ன சொல்லுவாருங்கறதெல்லாம் அப்புறம். உனக்கு வேணுமா வேண்டாமா?" என்று கேட்பாள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எழுதிக் கொடுப்பாள். வேணும் என்றால் வழக்கு நடத்துவாள். வெளியே தள்ளப்பட்ட அண்ணன்மார்களுக்கு டீ வாங்கிக் கொடுப்பது என் வேலை. "உள்ள என்னங்க இத்தனை நேரம்?" என்று ஒருவர் கேட்டார். "உங்க தங்கச்சியைப் பேசச் சொல்லியிருக்காங்க. பழக்கமில்லீங்களா, அதான் நேரமாகுது" என்றேன். அவர் டீயை மிச்சம் வைத்துவிட்டார். ஊரில் அவளுக்குப் 'பங்கு வக்கீல்' என்று பேர் வைத்தார்கள். திட்டத்தான் வைத்தார்கள். அவளுக்கு அந்தப் பேர் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

இப்படி இருக்கும்போது என் மாமனார் காலமானார். உயில் எழுதவில்லை. காரியமெல்லாம் முடிந்து சில மாதம் ஓடிற்று. எங்கள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிப் பத்திரிகைக்குக் கொடுத்திருந்தோம். மச்சான் கோழிப் பண்ணை போட பேங்கில் கடன் கேட்டிருந்தார். நிலத்தில் வில்லங்கம் இல்லாமல் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை. பெஞ்சு நிறைய ஆட்கள். மச்சான் காரிலிருந்து இறங்கினார். கையில் தட்டு. சீப்பு வாழைப்பழம், தேங்காய், வெற்றிலை பாக்கு, பட்டுச் சேலை, பக்கத்தில் சுருட்டின பத்திரம். "உனக்கு எதுக்கு கண்ணு பவானிக்கு ரெண்டு தடவை அலைச்சல்னு நானே எடுத்துட்டு வந்துபோட்டேன். படிச்சுப் பாரு. நாளைக்குக் காரு அனுப்பறேன், ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட்டாப் போதும்" என்றார். ஒரு கள்ளமும் இல்லாமல் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தங்கைக்கு அலைச்சல் மிச்சம் என்றுதான் நினைத்தார். கொண்டுவந்து நீட்டியது எந்தப் பெஞ்சுக்கு முன்னால் என்று அவருக்கு உறைக்கவே இல்லை.

பெஞ்சில் ஒரு நூல்மில் வேலைக்காரம்மா இருந்தார். அண்ணன்கள் மேல் பங்கு கேட்டு வழக்குப் போட்டு, சொந்தபந்தம் மொத்தமும் பேச்சை நிறுத்திவிட்ட பெண். அவர் தட்டைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், பத்திரத்தைப் பார்த்தார். ஒயர்கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நான் இன்னொரு நாளைக்கு வாரேனுங்க."

"நீங்க உக்காருங்க" என்றாள் என் மனைவி. பத்திரத்தை நின்றபடியே கடைசி வரி வரை படித்தாள். படித்துவிட்டு அண்ணனிடமே திருப்பிக் கொடுத்தாள். "இதுல கையெழுத்துப் போடமாட்டனுங்ணா. அப்பா நெலத்துல பாதி என்னோடது. கடனுக்கு நானும் பேங்குக்கு வந்து கையெழுத்துப் போடறேன். நெலத்தை எழுதித் தரமாட்டேன்."

மச்சான் முகம் சுண்டிப்போயிற்று. "என்ற மேல நம்பிக்கை இல்லையா கண்ணு?"

"உங்க மேல இல்லாம வேற யாரு மேலங்ணா நம்பிக்கை? அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்ணா."

தட்டைத் திரும்ப எடுக்க அவருக்கு மனசு வரவில்லை. பத்திரத்தை மட்டும் சுருட்டிக்கொண்டு போய் காரில் ஏறினார்.

மத்தியானம் அவளைப் பிடித்துக்கொண்டேன். "உனக்கென்ன கிறுக்கா? நமக்குச் சோத்துக்கா இல்ல? இருக்கறது ஒரே அண்ணன். கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீரு வராம என்ற புள்ளைய மணவறையில உக்கார வெப்பியா?" என்று கத்தினேன். மாமன் சீர்த் தட்டோடு வந்து பெண்ணுக்குச் சேலை கொடுத்து மாலை போட்டால்தான் எங்களில் அது கல்யாணம். அவர் வராவிட்டால் மண்டபத்தில் அத்தனை கண்ணும் அந்த வெற்றிடத்தில்தான் இருக்கும். அதைவிட, அப்பா அம்மா இரண்டு பேரும் போன பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்று இருந்ததே அவர்தான்.

கட்சிக்காரர்களுக்காகத்தான் இப்படிச் செய்தாள் என்று நான் நினைத்திருந்தேன். "அந்தம்மா கூடையைத் தூக்கினப்ப நெஞ்சு திக்குன்னுச்சு, அது நெசம்தான். ஆனா அவங்களுக்காக மட்டும் இல்லீங்க. எனக்கு வேணும்" என்றாள். "எங்கப்பா நெலம். நானும் அந்த ஊட்டுல பொறந்தவதானே? ஊருல பொண்ணுகளையெல்லாம் நான் கேட்டேன், எனக்கு வேணுமான்னு எங்கிட்ட யாருமே கேட்கலைங்க." அப்புறம் உதடு கோணிற்று. "எங்கண்ணனும் வேணுமுங்க" என்று சொல்லிவிட்டு விசும்பி விசும்பி அழுதாள். எத்தனையோ வழக்குத் தோற்றிருக்கிறாள். ஒன்றுக்கும் இப்படி அழுததில்லை.

முதல் பத்திரிகை மாமன் வீட்டுக்குத்தான். இரண்டு பேரும் பவானிக்குப் போனோம். மச்சான் வாசலுக்கு வந்து, "வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க" என்று தங்கையை உபசரித்தார். விருந்தாளிக்குச் செய்கிற மரியாதையெல்லாம் குறைவில்லாமல் செய்தார். அதற்கு அவர் நாலு வசவு வைதிருக்கலாம். பத்திரிகையை வாங்கிச் சாமி படத்துக்கு முன் வைத்தார். வருகிறேன் என்று சொல்லவில்லை.

பத்து நாள் போல் கழித்து எனக்குப் போன் வந்தது. "பேங்குல வரச் சொல்றாங்க மாப்ள. உங்க ஊட்டம்மாகிட்டச் சொல்லிருங்க." கூடப் பிறந்தவள் எப்போது எனக்கு மட்டும் 'ஊட்டம்மா' ஆனாள் என்று கேட்க நாக்குத் துடித்தது. நல்லவேளை, அவள் பக்கத்திலேயே நின்றாள்.

பேங்கில் அண்ணனும் தங்கையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில், ஆளுக்கொரு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி காகிதங்களைப் புரட்டிவிட்டு மச்சானிடம், "தங்கச்சி பங்கு அப்படியே நிக்குதுங்களே. ஒரு விடுதலைப் பத்திரம் வாங்கியிருந்தா லேசா முடிஞ்சிருக்குமே" என்றார். மச்சான் தரையைப் பார்த்தார். அதிகாரி என் மனைவி பக்கம் திரும்பினார். "கடன் நின்னுபோச்சுன்னா உங்க பாதியும் ஏலத்துக்குப் போகும். தெரியுங்களா?"

"தெரியுமுங்க. தெரிஞ்சுதான் போடறேன். எங்கண்ணன் கட்டிருவாரு" என்றாள். ஒவ்வொரு பக்கத்தையும் படித்து ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள். மச்சான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் ஏதோ சொல்ல வந்தார். அதை விட்டுவிட்டு, "வாரேனுங்க மாப்ள" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வந்த கோபத்தில் வண்டியை எடுத்த வேகம் தாங்காமல் அவள் என் தோளில் ஓர் அடி வைத்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம். மண்டபத்தில் சீர் வருகிற நேரம் தாண்டிவிட்டது. சமையல்காரர் முதல் சம்பந்தி வரை எல்லோரும் என்னையே கேட்டார்கள், நான் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். அவள் வாசல் பக்கமே திரும்பவில்லை. மகளுக்குப் பூ வைக்கிறேன் என்று வைத்த பூவையே எடுத்து எடுத்து மறுபடி வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது தெருமுனையில் மேளம் கேட்டது. மச்சான் முன்னால் வர, அவர் மனைவியும் சொந்தக்காரர்களும் பின்னால் வரிசையாகத் தட்டுகளோடு வந்தார்கள். வேண்டிய தட்டு, வேண்டாத தட்டு என்று பவானிக் கடைவீதியையே வாரிக்கொண்டு வந்திருந்தார். மகளுக்கு மாலை போட்டார். அடுத்து கூடப் பிறந்தவளுக்குக் கொடுக்க வேண்டிய தட்டைக் கையில் எடுத்தார்.

பந்தியோரம் உட்கார்ந்திருந்த அவர்கள் பங்காளிப் பெரியவர் ஒருவர், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்: "பங்குதான் வேணும்னு நின்னுட்டாளே. பொறவு எதுக்கப்பா இத்தனை சீரு?"

மேளக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார். நான் அந்தப் பெரியவரை நோக்கி ஓரடி எடுத்து வைத்தேன். மச்சான் தட்டைக் கீழே வைக்காமல், இருந்த இடத்திலிருந்தே திரும்பினார்.

"பங்கு அவளுதுங்க பெரியப்பா. அதை நான் குடுக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. சீருதான் என்னோடது. அதைக் குடுக்கத்தான் வந்திருக்கறேன்." தங்கை பக்கம் திரும்பி, "புடி கண்ணு, கனக்குது" என்றார்.

அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். அத்தனை சபைக்கு முன்னால், வக்கீல் என்றும் பாராமல், தேம்பித் தேம்பி அழுதாள். நானும்தான் அழுதேன், எனக்கென்ன வெட்கம்?