பன்னீர்ப் போத்தல்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் நான் கலக்கிய மிக்சரை நானே குடிக்கிறேன்! தேயிலைத் தோட்டத்து மருந்துசாலையில் கம்பவுண்டர் வேலை என்பது, எந்த வலியோடு வந்தாலும் அதே சிவப்பு மிக்சரை வேறு வேறு முகத்தோடு ஊற்றிக் கொடுப்பது. அதைக் குடித்தும் பிழைத்தவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

எதில் ஊற்றுவது

போத்தலை நோயாளிதான் கொண்டுவர வேண்டும். சாராயப் போத்தல், மண்ணெண்ணெய்ப் போத்தல் எல்லாம் வரும். கொழுந்து பறிக்கும் லெட்சுமி மட்டும் தன் கல்யாணத்துப் பன்னீர்ப் போத்தலோடு வருவாள். மாதவிலக்கு வந்தால் அடிவயிறு முறுக்கி, கூடையோடு மலையில் சுருண்டுவிடுவாள். அவள் முனகினால் றொசல்ல ஸ்டேஷனில் ரயில் நின்று கேட்டுவிட்டுத்தான் போகும். வருடங்கள் ஓடியும் பிள்ளை இல்லை. "ஒரு புள்ள பொறந்தா வலி போயிரும்" என்றேன், அந்தக் காலத்து வைத்தியப்படி. போத்தலை நீட்டினாள்: "அதையும் இதுலயே ஊத்திக் குடுங்கய்யா."

புளிமாங்காய்

பிறகு வலி மாதம் முழுக்க நீடித்தது. வயிறும் வீங்கியது. முழுகாமல் இருக்கிறாள் என்று லயத்து வீடுகளின் பெண்கள் புளிமாங்காய் கொடுத்தார்கள். அவளும் நம்பி, தொட்டிலுக்குச் சேலை மடித்து வைத்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அவளையும் புருஷன் ராமையாவையும் லொறியில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

டொக்டர் என்னைத் தனியே அழைத்தார். கருப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு வெளியே சூலகத்தில் வளர்ந்து, மாதாமாதம் இரத்தம் கசிந்து கட்டியாகியிருக்கிறதாம். அநேகம் பேருக்கு அது வலியோடு நின்றுவிடும். அபூர்வமாக யாரோ ஒருத்திக்குப் புற்றாக மாறும். அந்த ஒருத்தி இவள்தான் போலிருக்கிறது என்றார். கொழும்புக்கு ரயிலேறும்போது லெட்சுமி போத்தலை என் கையில் திணித்தாள்: "வேற யாருக்கும் ஊத்திப்புடாதீங்கய்யா, வந்து வாங்கிக்கிறேன்."

திரும்பி வந்தவர்

கொழும்பில் வயிற்றைத் திறந்தார்கள், காலம் கடந்திருந்தது. ராமையா மட்டும்தான் ரயிலிலிருந்து இறங்கினார். கழுவித் துடைத்த போத்தலை நீட்டினேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இங்கனயே இருக்கட்டுங்கய்யா. லயத்துல வச்சா அவ இல்லன்னு ஆயிரும். இங்க இருந்தா, மருந்துக்கு வந்திருக்கான்னு நெனச்சுக்குவேன்."

போத்தலை அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். மருந்துசாலையைப் பார்வையிட வந்த தோட்டத்துத் துரை, போத்தல்களை எண்ணிவிட்டு, அலமாரிக்குப் பின்னால் வேறு போத்தல் உண்டா என்று கேட்டபோது, "எல்லாம் ஒடஞ்சு போச்சுங்க தொரை" என்றேன்; என் உத்தியோகத்திலேயே நான் சொன்ன ஒரே பொய் அதுதான், யார் சொன்னது என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.